வேப்பிலை இல்லாத கதவு

சம்பத் வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தான். ஓடி வந்த ருக்மணியின் கண்ணில் முதலில் பட்டது அவன் செருப்புதான். போன வாரம் சந்தையில் அவளே பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது. அதற்கு மேலே பார்க்க வேண்டாம் என்று மனசு சொல்லியும் பார்த்துவிட்டாள். தம்பியின் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

பக்கத்தில் பம்ப் கூடு ஒன்று உருண்டு கிடந்தது. அந்த லைன் வீடுகளில் எல்லா வாசலிலும் இப்படி ஒன்று உண்டு. வார்ப்பில் ஓட்டை விழுந்ததால் ஃபவுண்டரி கழித்துப் போடுகிற இரும்பு அது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டக் கொடுப்பார்கள். ஒரு கையால் தூக்கினால் தோள் இற்றுப்போகும். அதைத் தூக்கிப் பல தடவை அடித்திருக்கிறது ஒரு கை.

அந்தக் கை கட்டிலில் இருந்தது. அவள் புருஷன் வெள்ளியங்கிரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துச் சீராகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் ரத்தம், காய ஆரம்பித்திருந்தது. கொலை செய்தவன் ஓடுவான், ஒளிவான், உட்கார்ந்து அழுவான். இவன் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டிருந்தான்.

அலற வாயைத் திறந்தவள் தன் கையையே கடித்து அலறலை அடக்கினாள். ஆறு வருஷப் பழக்கம். தூங்குகிற கோட்டானுக்கு முன்னால் அந்த லைனில் யாரும் சத்தம் போடுவதில்லை.

கோட்டான் என்பது அங்கே வசவு அல்ல, ஆளின் வகை. உலகத்தில் எப்போதுமே இரண்டு வகை இருந்திருக்கிறது. சிலருக்கு விடிவதற்கு முன்னாலேயே கண் திறந்துகொள்ளும். சிலருக்கு ஊர் அடங்கிய பிறகுதான் மூளையே வேலை செய்யும். முதல் வகையை அம்மாக்கள் மெச்சினார்கள், இரண்டாம் வகையைத் திட்டினார்கள், அதோடு சரி. கம்பெனிக்குத்தான் அதை அப்படியே விட மனசு வரவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து யார் எந்த வகை என்று கண்டுபிடித்தது. சேவல்களைப் பகல் ஷிப்டுக்கும் கோட்டான்களை ராத்திரி ஷிப்டுக்கும் பிரித்தது. அந்த வகையை ஆணி அடித்து வைக்க மாதம் ஓர் ஊசி. ஊசி போட்ட சேவல் பொழுது சாய்ந்ததும் கல்லாகத் தூங்கும். கோட்டான் பொழுது விடிந்ததும் தூங்கும். வேலை நேரத்தில் ஒரு கொட்டாவி கிடையாது. உருக்கிய இரும்போடு புழங்குகிற இடத்தில் கொட்டாவி என்றால் சாவு. அதனால் முதலில் எல்லாரும் கம்பெனியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ருக்மணியும் கும்பிட்டாள்.

கும்பிட்டு முடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவள் சேவல், அவன் கோட்டான். ஒரே கட்டிலில் மாறி மாறித் தூங்கினார்கள். விடியும்போதும் சாயும்போதும் ஒரு காப்பி குடிக்கிற நேரத்துக்குத்தான் இருவரும் சேர்ந்து முழித்திருக்க முடியும். லைனில் அதற்குக் காப்பி நேரம் என்றே பெயர். சண்டை, கொஞ்சல், குழந்தை பெற்றுக்கொண்டால் யார் வளர்ப்பது என்கிற பேச்சு, எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

ஃபவுண்டரியில் ஷிப்டு மாறுகிற நேரத்தில் லேடில் கையில் இருக்கும். உருக்கிய இரும்பு ததும்புகிற பெரிய வாளி அது. பாதியில் கீழே வைத்தால் இரும்பு உறைந்துபோகும். அதனால் இறங்குகிறவன் "புடிச்சயா?" என்று கேட்பான். ஏறுகிறவன் "புடிச்சுட்டேன்" என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் பிடியை விடுவான். வீட்டிலும் இவர்களுக்கு அதே பழக்கம் வந்துவிட்டது. காப்பி டம்ளரை நீட்டும்போது அவள் "புடிச்சீங்களா?" என்பாள். "புடிச்சுட்டேன்" என்பான் அவன். சில நாள் அதற்கே சிரித்துக்கொள்வார்கள்.

கம்பெனி சுவரெல்லாம் ஒரே வாசகம்: தூங்குபவரை எழுப்பாதே. ஊசி போட்ட கோட்டானைப் பகலில் எழுப்பினால் வெறி வரும், எதிரில் இருப்பது யாரென்று தெரியாமல் அடித்துக் கொல்லுவான், பிறகு ஒன்றும் ஞாபகம் இருக்காது என்று சொன்னார்கள். எங்கோ ஒரு யூனிட்டில் ஒருத்தன் பெற்ற தாயையே கொன்றானாம். பார்த்தவர் ஒருவரும் இல்லை, ஆனால் கேட்காதவரும் இல்லை. லைன்காரர்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அம்மை போட்ட வீட்டுக்குக் கட்டுவது போலக் கோட்டான் தூங்குகிற வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். கொத்து இருந்தால் பால்காரன்கூட மணி அடிக்க மாட்டான்.

சம்பத்துக்குச் சின்ன வயதிலிருந்தே யார் எதைச் சொன்னாலும் நோண்டிப் பார்க்கிற புத்தி. அவனும் சேவல்தான், சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். போன பொங்கலன்று நட்டநடுப் பகலில் வந்து அக்கா கத்தக் கத்த வேப்பிலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மாமனை உலுக்கினான். ருக்மணி கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளியங்கிரி எழுந்து உட்கார்ந்து சம்பத்தைக் காது கூசுகிற மாதிரி ஒரு திட்டுத் திட்டினான். பொங்கலை வாங்கி இரண்டு வாய் சாப்பிட்டான். மறுபடி படுத்துத் தூங்கினான். அவ்வளவுதான் வெறி.

"பாத்தியாக்கா? அத்தனையும் புளுகு" என்று சம்பத் குதித்தான். "சேவலும் கோட்டானும் ஒரே நேரத்துல முழிச்சிருந்தா இவனுகளுக்கு ஆட்டம் கண்டுரும். அதுக்குத்தான் பூச்சாண்டி காட்டறானுக."

அவன் அதை மனசில் வைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கேன்டீனில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொன்னான். இரண்டு கூட்டமும் ஒரு பகல் சேர்ந்து மைதானத்தில் நிற்க வேண்டும், ஊசி இல்லாத ஒரு மாதமாவது வருஷத்துக்கு வேண்டும் என்று கேட்க வேண்டும், கோட்டான்களைத் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் எழுப்பிக் கூட்டி வர வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. இன்று விடியலில், காப்பி நேரத்தில், வெள்ளியங்கிரி தன் கையாலேயே வேப்பிலையைக் கழற்றினான்.

"மாப்ள வந்து தட்டட்டும். மொதல்ல நான் எந்திரிக்கறேன். பொறகு நம்மாளுகள நானே எழுப்பிக் கூட்டியாறேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் படுத்தான்.

மத்தியானத்துக்கு மேல் மூன்று லைன்களிலும் தொண்டர்கள் கதவைத் தட்டினார்கள். மைதானத்தில் காத்திருந்தவர்களுக்கு எதிர்பார்த்த கோஷம் கேட்கவில்லை. அலறல்தான் கேட்டது.

ருக்மணி தம்பியைக் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டாள். தன் முந்தானையைக் கிழித்து அவன் முகத்தை மூடினாள். கதவைச் சாத்தி வெளித்தாழ் போட்டாள். தெருமுனை வேப்ப மரத்தில் எட்டிய கொத்தை முறித்து வந்து நிலையில் செருகினாள். எதற்காகச் செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷன் மீது ஆத்திரம் வரவில்லை. வர வேண்டும் என்று நினைத்தும் வரவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

கூட்டம் வந்தது. கடப்பாரை, கம்பி, வார்ப்பு மண்ணில் குத்துகிற நீண்ட இரும்பு ஊசி என்று கைக்குக் கிடைத்ததோடு வந்தது. முன்னால் காளியப்பன், சங்கச் செயலாளர். சம்பத்தைத் தன் வலது கை என்று மேடையில் சொல்லுகிறவர். அவர் சட்டையில் ரத்தம் இருந்தது.

"எந்திரி புள்ள. அவன வெளிய உடு."

"மெதுவாப் பேசுங்ணா" என்றாள் ருக்மணி.

"மெதுவாவா? உன்ற தம்பி கெடக்கறான், உனக்குக் கண்ணு தெரியலயா? ரெண்டாவது லைன்ல ரெண்டு பேரு, மூணாவதுல ஒருத்தன். நம்ம பசங்க புள்ள. தூங்கறவன எழுப்பப் போன பாவத்துக்கு மண்டையப் பொளந்து போட்டிருக்கானுக."

"உங்க சட்டையில ஆரு ரத்தமுங்?"

காளியப்பன் குனிந்து பார்த்துக்கொண்டார். பின்னால் நின்றவன்தான் பதில் சொன்னான். "பழனிவேலு ரத்தம். ரெண்டாவது லைன்காரன். ஆளக் கொன்னுபோட்டு மறுபடி தூங்கிட்டிருந்தான். போர்வையோட சேத்துக் கட்டி அடிச்சோம். முழிக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது. இரண்டாவது லைனிலிருந்து புகையும் எழுந்துகொண்டிருந்தது.

"நீ ஒதுங்கு கண்ணு" என்றார் காளியப்பன். அவர் அழுதுகொண்டிருந்தார். "மிருகம் அவனுக. சேவல் எவனாச்சும் இப்படிப் பண்ணுவானா? தூக்கத்துலயே முடிச்சுப் போடறோம். அவனுக்கு வலியே தெரியாது."

அவர் கடப்பாரையை ஓங்குவதற்குள் கம்பெனி வண்டி வந்து நின்றது. பின்னாலேயே ஓர் ஆம்புலன்ஸ். இறங்கியவர் பர்சனல் ஆபீசர் முகுந்தன், கூடவே இரண்டு செக்யூரிட்டி ஆட்கள். முகுந்தன் எப்போதும் சலவைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக இருப்பார். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். வேலையை விட்டு நீக்கும்போதும் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் நீக்குவார்.

"யாரும் சட்டத்தைக் கையில எடுக்காதீங்க" என்றார் தாழ்ந்த குரலில். "வெள்ளியங்கிரியை நாங்க கூட்டிட்டுப் போறோம். இந்த மருந்துப் பட்டையைக் கையில ஒட்டிட்டா எழுந்திருக்கவே மாட்டார். அப்புறம் போலீஸ் பார்த்துக்கும்."

ஆம்புலன்ஸ் கதவு திறந்திருந்தது. ருக்மணி உள்ளே பார்த்தாள். ஸ்ட்ரெச்சரில் கை கால்களைக் கட்டுகிற தோல் வார் புத்தம் புதியதாகத் தொங்கியது. இவ்வளவு சீக்கிரம் இதெல்லாம் எங்கிருந்து வந்தது? காலையில் வேலைநிறுத்தம் என்று மைதானத்துக்குப் போகும்போது கம்பெனி கேட்டுக்குள் இதே மாதிரி வண்டிகள் வரிசையாக நின்றதை அவள் பார்த்திருந்தாள். பந்தோபஸ்துக்கு என்று நினைத்திருந்தாள். அடி விழுவதற்கு முன்னாலேயே ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற ஊரை அவள் கேள்விப்பட்டதில்லை.

தம்பியின் கையை விட்டாள். அவள் எழுந்தாள்.

"கூட்டிட்டுப் போங்க சார். ஆனா ஒருத்தரு மட்டும் உள்ள போங்க. ரெண்டு பேரு நடந்தா தரை அதிரும், முழிச்சுக்குவாரு. செருப்பையும் கழட்டிருங்க."

முகுந்தன் செக்யூரிட்டியைப் பார்த்தார். "நாங்க போகலீங் சார்" என்று இருவரும் பின்னால் நகர்ந்தார்கள். கூட்டம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டையை விரலில் பிடித்துக்கொண்டு, காலை மெல்ல மெல்ல எடுத்து வைத்து உள்ளே போனார்.

ருக்மணி கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டாள்.

செக்யூரிட்டிக்காரர்கள் பாய்ந்தார்கள். காளியப்பன் என்ன நினைத்தாரோ, கடப்பாரையைக் குறுக்கே நீட்டி அவர்களை நிறுத்தினார். ருக்மணி ரத்தம் பிசுபிசுத்த பம்ப் கூட்டை இரண்டு கையாலும் தூக்கிக் கதவுக்கு ஒரு சாண் முன்னால் பிடித்துக்கொண்டு ஜன்னல் கம்பிக்கு வாயைக் கொடுத்தாள்.

"சார், பட்டையக் கீழ போடுங்க. கட்டில் பக்கம் ஒரு அடி வெச்சீங்கன்னா இத கதவுல அடிச்சு அவர எழுப்பிருவேன்."

முகுந்தன் திரும்பினார். கட்டிலில் குறட்டை நின்று மறுபடி தொடங்கியது. அவர் பட்டையைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலோரம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, தாழைத் திறங்க. பேசிக்கலாம்."

"இங்கயே பேசுங்க. போன பொங்கலுக்கு என்ற தம்பி இவர எழுப்பினான். ஒண்ணும் ஆகல. இன்னிக்கு மட்டும் ஏன் ஆச்சு?"

"எனக்கென்ன தெரியும்?"

அவள் பம்ப் கூட்டை ஓங்கினாள்.

"சொல்றேன், சொல்றேன்." அவர் உதடு மட்டும்தான் அசைந்தது. "அப்போ அது பொய்."

"எதுங்க?"

"எழுப்பினா வெறி வரும்ங்கறது. ஆறு வருஷமா பொய்தான். ரெண்டு கூட்டமும் ஒண்ணு சேரக் கூடாதுன்னு சொல்லி வெச்சது."

காளியப்பனும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கேட்டதைத் தாழ்ந்த குரலில் பின்னால் இருந்தவனுக்குச் சொன்னார். அவன் அடுத்தவனுக்குச் சொன்னான். கொலை வெறியோடு வந்த அத்தனை பேரும் மூச்சுச் சத்தம் இல்லாமல் நின்று ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு அந்த வார்த்தையைக் கடத்தினார்கள். குழந்தை ஒன்று சிணுங்கியதற்குத் தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

"அப்ப இன்னிக்கு நடந்தது?" என்றாள் ருக்மணி.

"உங்க தம்பி கேன்டீன்ல பேசினது மேல வரைக்கும் போயிடுச்சு. பொய்யின்னு எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா அப்புறம் உங்களைப் பிடிக்க முடியாதுன்னாங்க. பொய்யா இருந்தா நிஜமாக்கிடுங்கன்னு உத்தரவு. இந்த மாச ஊசியில மருந்தை மாத்தினாங்க." நெற்றியில் வழிந்த வேர்வையில் சந்தனப் பொட்டு கரைந்தது. "யாருக்காவது அடிபடும், அதோட பயந்துடுவீங்கன்னுதான் நினைச்சோம். சாவு விழும்னு சத்தியமா நினைக்கலை."

ருக்மணிக்கு ஊசி போட்ட இடம் இந்த மாதம் மூன்று நாள் வீங்கியிருந்தது ஞாபகம் வந்தது. வீங்கியது கோட்டானின் கை அல்ல, அவள் கை. அவள் கேட்பதற்குள் காளியப்பன் கேட்டுவிட்டார்.

"மருந்த மாத்துனது கோட்டானுகளுக்கு மட்டுந்தான?"

முகுந்தன் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"சொல்லுய்யா."

"மருந்து ஒண்ணுதான். நேரம்தான் வேற. எல்லாருக்கும்தான்."

இந்த வார்த்தையைக் காளியப்பன் பின்னால் கடத்தவில்லை. அதைக் கேட்டதும் தன் சட்டையிலிருந்த ரத்தத்தைக் கையால் துடைக்கப் பார்த்தார். ருக்மணி பம்ப் கூட்டைக் கீழே இறக்கினாள். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, இனி இந்த ஆளை வெளியே விட்டுவிடலாம் என்று தாழில் கை வைத்தாள். அப்போது முகுந்தனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

மற்றவர்களைச் சத்தம் போடாதே என்று ஆறு வருஷம் பயமுறுத்திய ஆளுக்குத் தன் போனை அமுக்கி வைக்கத் தோன்றவில்லை. அப்படி ஒரு வழக்கமே அவர் வீட்டில் இல்லை. ரிங்டோனாக வைத்திருந்த நாகஸ்வரம் முழு வீச்சில் ஒலித்தது.

வெள்ளியங்கிரி எழுந்தான். தூக்கத்தில் இருக்கிறவனைப் போலவே இல்லை, நன்றாக நிமிர்ந்து எழுந்தான். முகுந்தன் கதவை அறைந்தார். "திற! திற!" என்று இப்போது உரக்கக் கத்தினார். ருக்மணியின் விரல் தாழின் மேல்தான் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் கதவு திறந்துவிடும். அவர் வெளியே வருவார், பின்னாலேயே அவனும் வருவான். காளியப்பன் கையில் கடப்பாரை இருந்தது. கூட்டத்தில் எத்தனை கையில் எத்தனை கம்பி!

அவள் தாழை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே கதவில் ஒரு தலை மோதிய அதிர்வு அவள் நெஞ்சுக்கு வந்தது. மறுபடி மோதியது. பிறகு ஈரச் சத்தமாக மாறியது. நாகஸ்வரம் இன்னும் கொஞ்ச நேரம் ஒலித்துத் தானாக நின்றது. வெள்ளியங்கிரி ஜன்னலுக்கு வந்து அவளைப் பார்த்தான். கூடப் படுத்தவளைப் பார்க்கிற பார்வை அல்ல அது, யாரையும் பார்க்கிற பார்வையும் அல்ல. திரும்பிப் போய்க் கட்டிலில் சாய்ந்தான். குறட்டை கேட்டது.

செக்யூரிட்டிக்காரர்கள் எப்போதோ ஓடியிருந்தார்கள்.

"ஏன் புள்ள தொறக்கல?" என்றார் காளியப்பன் கடைசியில்.

"தொறந்திருந்தா நீங்க அவரக் கொன்னிருப்பீங்க."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். வெயில் மஞ்சளாகியிருந்தது. கூட்டத்தில் ஒருவன் கொட்டாவி விட்டான். அதைப் பார்த்து இன்னொருவன் விட்டான். காளியப்பனின் முகத்தில் அதுவரை இல்லாத பயம் ஒன்று வந்தது.

"பொழுது சாயுது. நாம தூங்கிருவோம். அவனுக முழிச்சுக்குவானுக." கூட்டத்திலிருந்த குழந்தைகளைக் காட்டினார். "பழனிவேலு போர்வையோட கெடக்கறதப் பாப்பானுக. எரிஞ்ச ஊட்டப் பாப்பானுக. நம்மூட்டுப் பொண்டு புள்ளைங்க கல்லாட்டத் தூங்கிட்டிருக்கும் புள்ள. எவனாச்சும் அடிச்சா அப்படியே செத்துப்போகும். முழிச்சா..."

மருந்து எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதை இப்போது பின்னால் கடத்தினார். முழித்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் இப்போது தெரியும். அத்தனை பேரும் மிருகம் என்று திட்டிக்கொண்டு வந்தவர்கள். மரத்தை நோக்கி ஓடினார்கள். ஆளுக்கொரு கொத்து முறித்துக்கொண்டு, குழந்தைகளை இடுக்கிக்கொண்டு, தங்கள் தங்கள் கதவுக்கு ஓடினார்கள். ஓடும்போதே சிலருக்குத் தூக்கத்தில் கால் தள்ளாடியது. கடப்பாரையும் கம்பியும் தெருவிலேயே கிடந்தன. மரம் மொட்டையாகிவிட்டது.

"உன்ற புருஷன் எந்திரிச்சதும் சொல்லு கண்ணு" என்று காளியப்பன் அவள் கையைப் பிடித்தார். "அவன் சொன்னாத்தான் அவனுக கேப்பானுக. நீ தூங்கறதுக்குள்ள சொல்லிப்போடு." சொல்லிவிட்டு ஓடினார். வயசான ஆள், ஓடத் தெரியாமல் ஓடினார்.

அவள் உள்ளே போனாள். முகுந்தனைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போக வேண்டியிருந்தது, தாண்டினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். காப்பி போட்டால் தூக்கம் போய்விடும் என்று அல்ல. ஊசிக்கு முன்னால் காப்பி எம்மாத்திரம்? கைக்கு வேறு வேலை தெரியவில்லை. கண் இமை கனத்தது. கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

கட்டிலில் அசைவு. "ருக்கு..." என்றான் வெள்ளியங்கிரி, எப்போதும் போல. "பொழுது சாஞ்சே போச்சா? மாப்ள எங்க? வந்து தட்டறேன்னான், தட்டவே இல்லியா?"

பிறகு கையைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

அவன் வாயிலிருந்து சத்தம் வருவதற்கு முன்னால் அவள் போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நேரமில்லீங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க. இடையில பேசாதீங்க." சொன்னாள். ஊசியைச் சொன்னாள், பொய்யைச் சொன்னாள், பொய் நிஜமானதைச் சொன்னாள். சம்பத் வாசலில் முந்தானைத் துணிக்கு அடியில் இருப்பதைச் சொன்னாள். அவன் தன் தலையைச் சுவரில் மோதினான். அவள் நடுவில் கையைக் கொடுத்தாள். அடி அவள் கையில் விழுந்தது.

"தம்பிய அடிச்சது உங்க கை. நீங்க இல்ல." நாக்கு குழறத் தொடங்கியிருந்தது. "இந்த ஆளு செத்தது... நான் முழிச்சிருந்தேன். தாழப் புடிச்சுட்டு நின்னது நாந்தான். அது என்னோடது. உங்களோடது இல்ல."

"ருக்கு, உன்ற தம்பிய நான்..."

"அழுவறதுக்கு ராத்திரி பூராக் கெடக்குதுங்க. பழனிவேலக் கொன்னுபோட்டாங்க நம்மாளுக. ஊட்டையும் எரிச்சுட்டாங்க. உங்காளுக இப்ப எந்திரிச்சுப் பாப்பாங்க. கெளம்பி வருவாங்க. இங்க எல்லாரும் தூங்கிருவோம். ஒருத்தரையும் தொட உடாதீங்க. ஒருத்தரையும் எழுப்ப உடாதீங்க. என்னையும்... நீங்க அழுது எழுப்பினாலும் நான் உங்களக் கொன்னுருவேன்." அவள் கால் மடங்கியது. அவன் தாங்கிக் கட்டிலில் சாய்த்தான். அவன் படுத்த சூடு இன்னும் அதில் இருந்தது. கை மட்டும் அவன் சட்டையை விடவில்லை. "புடிச்சீங்களா?"

அவன் வாயைத் திறந்தான், வார்த்தை வரவில்லை. அதற்குள் அவள் கண் மூடிவிட்டது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

இரண்டாவது லைன் பக்கம் முதல் ஓலம் கேட்டது. பிறகு பல குரல்கள், இரும்பு தெருவில் இழுபடுகிற சத்தம், ஓடி வருகிற கால்கள். வெள்ளியங்கிரி வெளியே வந்தான். மச்சினனின் கால்மாட்டில் ஒரு கணம் குனிந்து, கழன்றிருந்த ஒரு செருப்பை மறுபடி மாட்டிவிட்டான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தித் தாழ் போட்டான். நிலையில் வேப்பிலைக் கொத்து சரிந்திருந்தது, அதை நிமிர்த்திச் செருகினான். அடுத்த வீட்டு நிலையிலும் அதற்கடுத்த வீட்டு நிலையிலும் கொத்து இருந்தது. லைன் முழுக்க இருந்தது.

அவனுடைய ஆட்கள் முனை திரும்பினார்கள். அவன் இரண்டு கையையும் விரித்துத் தெருவின் நடுவில் நின்றான். நிற்பதற்கு முன் ஜன்னல் பக்கம் திரும்பி, அவள் தூக்கம் கலையாதபடி மெதுவாகச் சொன்னான்.

"புடிச்சுட்டேன், ருக்கு."